வாயில்லா ஜீவனுக்கும் நீதி உண்டு

பிள்ளைகள் ஆசைப்பட்டார்களென்று முயல் வாங்குகிறோம். ஆசை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. முயலோ எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடிய பிராணி. பின்கட்டில் ஒரு கூடு, வறண்ட தண்ணீர்க் குவளை, கம்பித் தரையில் புண்பட்ட பாதம். இக்காட்சி நமக்குப் புதிதன்று.

முயல் தன் நோயை எளிதில் வெளிக்காட்டாது. அதன் பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன. உலர்புல்லை மென்றுகொண்டிருந்தால்தான் பற்கள் தேயும், குடலும் இயங்கும். அரை நாள் தின்னாதிருந்தாலே ஆபத்தென்று அறிக. நம் நாட்டு வெயிலும் அதற்குப் பகையே.

அண்டை வீட்டார் முயற்கூட்டை நடைபாதையில் போட்டுவிட்டுக் குடிபெயர்ந்தனர் என வைத்துக்கொள்வோம். நாம் செய்யவேண்டியது யாது? நிழலும் நீரும் கொடுத்து, மிருக வைத்தியரிடம் சேர்ப்போம். குளிப்பாட்டுதல் கூடாது, அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும். கூட்டின் நிலையைப் படம் பிடித்து, நாளும் இடமும் குறித்து, கால்நடை மருத்துவ இலாகாவில் புகார் செய்வோம். உடையவர் வீட்டிலிருப்பின், முதலில் நயமாக எடுத்துரைப்போம். பிறர் வீட்டில் அத்துமீறி நுழைவதும், ஊரறியத் தூற்றுவதும் நீதியாகா.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலையில் அமுலுக்கு வந்தது. அதன்படி, வதை செய்வோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதமோ, மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சட்டம் பிறர் வீட்டுக் கூட்டுக்கு மட்டுமன்று. வளர்க்கும் பிராணி நம்மிடமுள்ள அமானிதம். நம் வீட்டுக் கூட்டை இன்றே சென்று பார்ப்போமாக!