“நம்ம பல்லாவரமா, மிஸ்?”

ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுக்கு முந்தைய காலம் குறித்த பாடம். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த செய்தியை விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “நம்ம பல்லாவரமா, மிஸ்?”

அந்தக் கேள்வி என்னைச் சங்கடப்படுத்தியது. சென்னையின் தெற்குப் புறநகரில், பல்லாவரத்தை ஒட்டிய அரசுப் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மகேந்திரவர்மனைப் பற்றிச் சொல்லும்போதும் மண்டகப்பட்டையும் மாமல்லபுரத்தையுமே காட்டி வந்திருக்கிறேன். அவர் குடைவித்த கோயில் ஒன்று எங்கள் மாணவர்கள் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது.

அன்று கரும்பலகையில் எங்கள் வட்டாரத்தின் பட்டியலை எழுதினோம்.

• 1863 மே 30: அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைமண் குழியில் பூட் கண்டெடுத்த கற்கருவி. அவருடைய சேகரிப்பு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.
• பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்.
• 7ஆம் நூற்றாண்டுக் குடைவரை. மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் இங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இன்று இது தர்காவாக உள்ளது.
• பரங்கிமலை: போர்த்துகீசியர் 1523இல் கட்டிய தேவாலயம். 1802இல் லாம்டன் நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியதும் இம்மலையருகேதான்.

பட்டியல் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். “எங்க வீட்டுக்கு மாடி கட்ட அனுமதி கிடைக்கல, மிஸ். பக்கத்துல பழைய காலத்துச் சமாதி இருக்காம். அது இல்லாமலே இருந்திருக்கலாம்னு அப்பா சொல்வாரு.”

‘தொன்மையைக் காப்பது நம் கடமை’ என்று சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தை விளக்கினேன். 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பழுதுபார்க்கவும் அனுமதி தேவை. பிறகு இதையே செயல்பாடாக்கினேன்.

செயல்பாடு

தலைமையாசிரியர், பெற்றோர் ஒப்புதலுடன் ஐவர் கொண்ட குழுக்கள். குழுவுக்கு ஓர் இடம், நான்கு கேள்விகள்:

1. யார், எப்போது, எதற்காக உருவாக்கினர்?
2. அதை எந்தச் சான்றால் அறிகிறோம்?
3. இன்று யார் பயன்படுத்துகின்றனர்?
4. அருகில் வாழ்வோருக்கு இதனால் என்ன நன்மை, என்ன சிரமம்?

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தர்காவுக்கு ஒரு வியாழக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல் மாணவர்களுடன் போய்விட்டேன். மக்கள் வேண்டிக்கொண்டிருந்த இடத்தில் பிள்ளைகள் தூண்களைக் காட்டிச் சத்தமாகப் பேசினர். அங்கிருந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. இன்னைக்குக் கூட்டம் அதிகம்.” மன்னிப்புக் கேட்டுத் திரும்பினோம். பிறகு கேட்டுக்கொண்டு வேறொரு நாள் காலையில் போனபோது, கல்லெழுத்து இருக்கும் இடத்தை அவரே காட்டினார். மூன்றாம் கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மாணவி நான்காம் கேள்விக்கு இப்படி எழுதியிருந்தாள்: “சமாதியும் இருக்கணும், எங்க மாடியும் வரணும். அதுக்கு என்ன வழின்னு பெரியவங்க உட்கார்ந்து பேசணும். எது வரைக்கும் கட்டக்கூடாதுன்னு எல்லாருக்கும் புரியுற மாதிரி ஒரு படம் வரைஞ்சு வைக்கணும்.”

அவளுடைய சிக்கலுக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் ஈமச்சின்னம் என்றால் என்ன என்பதை அவள் இனி மறக்கமாட்டாள். அவளுடைய அப்பாவும் குழு அறிக்கையை வாங்கிப் படித்தாராம்.

உங்கள் பள்ளி அருகில் குடைவரை இல்லாமலிருக்கலாம். ஒரு பழைய சத்திரமோ, குளமோ, ரயில் நிலையமோ இருக்கும். அடுத்த வரலாற்றுப் பாடத்தை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள். நான்காம் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.