அறுத்தது மீன் அன்று

சிரஞ்சீவி தம்பிக்கு,

மெர்சிங்கில் படகேறி, ஆவுர் தீவுக்கு அப்பால், கடற்பூங்காவின் இரண்டு கடல்மைல் எல்லையைக் கடந்து கிடக்கும் பாறைத்திட்டின்மேல் இரவெல்லாம் பெரும்பாரை மீனுக்காகக் காத்திருந்த அனுபவத்தை நீ எழுதியிருக்கும் கட்டுரையை, நேற்று மாலை கெலாங் பாத்தா கடைத்தெருவில் தேநீர் அருந்தியபடியே படிக்கத் தொடங்கி, வீடு வந்து சேர்ந்த பிறகும் கீழே வைக்க மனமின்றித் திரும்பவும் படித்தேன். எந்தக் கோல், எந்த ரீல், எத்தனை கிராம் ஜிக் இரை என்பன போன்ற விஷயங்களில் உனக்கு நான் உபதேசிக்க ஒன்றுமில்லை. என்னை இக்கடிதம் எழுதவைத்தது உன் கட்டுரையிலுள்ள ஒரே ஒரு வாக்கியம்.

“மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது” என்று எழுதுகிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, சுருட்டி மேலே எடுத்த பெராம்புட்டின், அதாவது நூல்முனையில் கட்டும் தடித்த நைலான் நரம்பின், முனை பாகற்கொடியின் பற்றுச்சுருளைப்போல் சுருண்டிருந்ததாகவும் எழுதுகிறாய். தம்பி, இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? தெங்கிரி மீனின் பல் பட்டிருந்தால் முனை நேராக வெட்டுண்டிருக்கும். பாறையில் உரசி அறுந்திருந்தால் கடைசி முழம் முழுவதும் வெளுத்துச் சொரசொரத்துப் பிசிறு தட்டியிருக்கும். சுருண்டு வருகிற முனைக்கோ ஒரே அர்த்தந்தான் உண்டு, முடிச்சு நழுவிவிட்டது என்பதே அது. சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அவ்வளவு அழகாக வர்ணிக்கவும் செய்துவிட்டு, குற்றத்தை வாயில்லாத ஜீவனின்மேல் சுமத்தியிருக்கிறாயே என்பதுதான் என் மனத்தாங்கல்.

பின்னல் நூலையும் பெராம்புட்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு போட்டதை ஒரு பக்கத்துக்குமேல் விவரித்திருக்கிறாய். மாறி மாறி இருபது சுற்றுச் சுற்றி, பின்னல் நூலின் நிறம் கறுக்கும்வரை இழுத்து இறுக்கி, அரைமுடிச்சுகளால் பூட்டியதாகச் சொல்கிறாய். குறைகூற இடமே இல்லாத வேலை, அது தாங்கியும் இருக்கிறது. ஆனால் பெராம்புட்டின் மறுமுனையை ஜிக்கின் வளையத்தில் கட்டியதைப் பற்றி உன் கட்டுரையில் இருப்பது இரண்டே சொற்கள்: “கிளிஞ்ச் முடிச்சு.” 130 பவுண்டு நைலானிலா கிளிஞ்ச் முடிச்சு? மெல்லிய நரம்பில் அது அடங்கி உட்காரும். தடித்த நைலானோ விறைப்பானது, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இடைவெளி விட்டு நிற்கும், கையால் இழுத்த இழுப்பில் இறுகிவிட்டதாகத் தோற்றமளித்து, மீனின் முதற்பாய்ச்சலில் வழுக்கி அவிழும். அந்தக் கனத்துக்கு மூன்று அல்லது நான்கு சுற்றோடு யூனி முடிச்சைப் போட்டு, எச்சிலோ கடல்நீரோ தொட்டு நனைத்து, வளையத்தைப் படகின் கொக்கியில் மாட்டி, நரம்பைக் கையுறை அணிந்த கையில் சுற்றி, வால்முனையைக் குறட்டால் பிடித்து, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து நிதானமாக இழுக்கவேண்டும்.

நனைப்பதைச் சம்பிரதாயம் என்று எண்ணிவிடாதே. இறுகும்போது நரம்போடு நரம்பு உரசி உண்டாகும் உஷ்ணம், கண்ணுக்குத் தெரியாத காயத்தை அந்த இடத்தில் உண்டாக்குகிறது. நைலான் உருகுவதற்கு 200 பாகை செல்சியசுக்குமேல் வேண்டும். உன் பின்னல் நூல் செய்யப்பட்டிருக்கும் பாலிஎதிலீன் இழையோ ஏறக்குறைய 150 பாகையிலேயே உருகிவிடும். உலர்ந்தபடியே வெடுக்கென்று இழுத்து இறுக்கிய முடிச்சு, மீனைக் காண்பதற்கு முன்பே பாதி செத்துவிடுகிறது.

நம் சிநேகிதர்கள் கூடும் இடங்களிலெல்லாம் பேச்சு நூலைப் பற்றியும் ரீலைப் பற்றியுமே நடக்கிறது. மீனுக்கு மிக அருகிலிருக்கும் கடைசி முடிச்சைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ரீலின் பிடிப்பை நூலின் பலத்தில் மூன்றிலொரு பங்குக்கு, அதாவது 80 பவுண்டு நூலுக்கு ஏறக்குறைய 12 கிலோவுக்கு, வைக்கவேண்டுமென்ற விதி திறந்த கடலுக்குச் சரி. பாறைத்திட்டின்மேல், பொந்தை நோக்கிப் பாயும் பெரும்பாரையை முதல் சில மீட்டருக்குள் நிறுத்தாவிட்டால் அது கிடைக்கவே கிடைக்காது என்பதால், நீ பிடிப்பை முழுதாக இறுக்கியது நியாயமே. அப்படி இறுக்குகிறவனுக்குத்தான், அந்தப் பாரம் முழுவதையும் தாங்கப்போகிற கடைசி முடிச்சில் இருமடங்கு சிரத்தை வேண்டும். ஜப்பானின் தொகாரா தீவுக் கடலில் 2006-இல் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவான பெரும்பாரை 72.8 கிலோ, உன் மீனை இருபது கிலோ என்று படகை ஓட்டிய தெக்கோங் மதித்ததாகச் சொல்கிறாய். இருபது கிலோவுக்கே நழுவிய முடிச்சை வைத்துக்கொண்டு அதனினும் பெரியதை நீ தேடிப் போவதை நான் எப்படி ஆமோதிப்பேன்?

இந்தச் சிரத்தையை நான் கண்டது நம் ஊரிலேதான். இரண்டாம் இணைப்புப் பாலம் 1998-இல் திறக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பு, தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தை மறைக்காத நாட்களில், தோட்டத்துப் பையன்களாகிய நாங்கள் பால்வெட்டு முடிந்த மத்தியானங்களில் சைக்கிளை மிதித்துக் கடலோரம் போவோம். சிம்பாங் அராங்கில் வாழும் செலெத்தார் பழங்குடி மக்களில் ஒரு முதியவர், எங்களில் இரண்டு பேரைச் சில நாள் தம் சம்பானில் ஏற்றிக்கொண்டு மெரம்போங் கடற்புல் பரப்பின் பக்கம் போவார். கோலுமில்லை, ரீலுமில்லை, கைத்தூண்டில் மட்டுமே. ஒவ்வொரு ஜெனாஹாக் மீனையும் கழற்றிப் போட்டதும், அடுத்த இரை கோக்குமுன், முள்ளிலிருந்து ஒரு பாகத் தூரம் நரம்பை உதடுகளுக்கிடையே மெல்ல இழுத்துப் பார்ப்பார். விரலுக்குத் தெரியாத கீறல் உதட்டுக்குத் தெரியும். தெரிந்தால் அந்தப் பாகத்தை வெட்டி எறியாமல் மடியில் செருகிக்கொண்டு, முள்ளைப் புதிதாகக் கட்டுவார். நீரோட்டம் திரும்பி மீன் வெறிகொண்டு கடிக்கிற நேரத்திலும் அவர் அதை விட்டதில்லை. எங்களுக்குப் பொறுமை இராது. அவர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். அந்தக் கடற்புல் பரப்பின் ஒரு பகுதியில் இப்போது மண் கொட்டி மாடமாளிகைகள் எழுப்பிவிட்டார்கள். கீறலற்ற நரம்பின் வழவழப்பு எப்படியிருக்கும் என்பதை என் உதடுகள் இன்றைக்கும் அறியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. போன மீனைப் பற்றி, “முள் துருப்பிடித்துத் தானே விழுந்துவிடும்” என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறாய். கடலுக்கென்று பூச்சுப் பூசிச் செய்யும் முட்கள் துருவை எதிர்ப்பதற்காகவே செய்யப்படுகின்றன, தம்பி. அதை நம்பித்தான் நீயும் விலை கொடுத்து வாங்கினாய். உன் முடிச்சு ஜிக்கின் வளையத்தில் நழுவியதால், வாயில் இரண்டு முட்களையும் அவற்றில் தொங்கும் 200 கிராம் ஜிக்கையும் சுமந்துகொண்டு அந்த மீன் இரை தேடவேண்டியிருக்கிறது. இனிமேல் முள்ளின் எதிர்ச்செதுக்கைக் குறட்டால் நசுக்கிவிடு. நூல் தளராமல் பிடிக்கிறவனுக்கு அதனால் மீன் தவறாது, தப்பிய மீனோ உதறிக் கழற்றிக்கொள்ளும்.

இத்தனை சொன்ன பிறகும், நீ எழுதியதில் ஒரு பத்தி இருக்கிறது: மீன் கவ்விய கணமே தெக்கோங் உன்னைக் கேளாமல் படகைத் திட்டிலிருந்து ஆழத்துக்குத் திருப்பியதையும், கோலின் வளைவு மாறியதைக் கொண்டே படகு திரும்பியதை நீ உணர்ந்ததையும் சொல்லும் பத்தி. கடலில் இரண்டு மனிதர் பேசாமலே ஒரு காரியத்தைச் செய்வதை இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் நம் மொழியில் எனக்குத் தெரிந்து ஒருவருமில்லை. அந்தப் பத்திக்காக இந்தத் தேசத்துத் தூண்டிற்காரர்கள் எல்லோரும் உனக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அதை எழுதிய கை, அப்படியொரு முடிச்சைப் போட்டிருக்கக் கூடாது.

நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால், மெர்சிங் படகுகள் கரையோடு கிடக்கும். அந்த மாதங்களில் கெலாங் பாத்தாவுக்கு வா. 130 பவுண்டு நைலானை இருட்டில், ஈரக்கையோடு, ஆடும் பலகைமேல் நின்று கட்டிக் காட்டு. தராசில் மாட்டி இருவருமாக இழுத்துப் பார்ப்போம். 30 கிலோவுக்கு நழுவாமல் நின்றால், மார்ச்சில் உன்னோடு நானும் படகேறுவேன். அதுவரை நீ பெரும்பாரைக்குப் போகவேண்டாம்.