சத்தம் எப்போது வருகிறது?

சத்தப் பிரச்சினையோடு கராஜுக்கு வருகிறவர்கள் முதலில் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். ஒருவர் 'டக் டக்' என்பார், இன்னொருவர் 'கிறீச்' என்பார், மற்றொருவர் 'உள்ளுக்க என்னமோ உருளுது' என்பார். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். ஆனால் எனக்கு வழிகாட்டுவது, "எப்ப வருது?" என்று நான் கேட்பதற்கு அவர்கள் சொல்லும் பதில்தான். விடியப்புறம் ஸ்டார்ட் பண்ணும்போதா, சூடேறிய பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? எக்ஸலேட்டரை மிதிக்கையிலா, காலை எடுக்கையிலா? ஏசி போட்டால் கூடுகிறதா? ஒரே சத்தத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அது வரும் சந்தர்ப்பத்தைப் பற்றி மட்டும் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள். அதனால்தான் கார் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: கராஜுக்கு வருமுன் இரண்டு மூன்று நாள் கவனித்து, இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடு வாருங்கள். முடிந்தால் சத்தம் வரும் நேரத்தில் போனில் பதிவு செய்து வாருங்கள். கராஜுக்குள் நுழைந்ததும் அடங்கிவிடுகிற சத்தங்கள் நிறைய உண்டு.

சத்தம் உண்மையில் எஞ்சினுடையதுதானா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் விட்டு, எக்ஸலேட்டரை மெல்ல மிதியுங்கள். எஞ்சினின் வேகத்தோடு சத்தமும் ஏறினால், பிழை எஞ்சினில் அல்லது அதோடு பெல்ட்டில் சுற்றுகிற பாகங்களில் இருக்கிறது. நின்ற இடத்தில் எவ்வளவு மிதித்தாலும் வராமல், வீதியில் ஓடும்போது மட்டும் வந்தால், முதலில் சில்லுப் பக்கம் தேடவேண்டும்.

ஆரையம்பதியிலிருந்து ஓர் ஆசிரியர் பழைய நிசான் சனி ஒன்றில் வந்தார். "எஞ்சின் உறுமுது தம்பி, எஞ்சினை இறக்கத்தான் வேணும் எண்டு ஒரு இடத்தில சொல்லிட்டாங்க" என்றவரின் முகத்தில் அந்த மாதச் சம்பளக் கணக்கு முழுவதும் தெரிந்தது. நின்ற இடத்தில் எஞ்சின் சுத்தமாக ஓடியது. "சேர், வாங்க, ஒரு சுத்துப் போயிட்டு வருவம்" என்று அவரையும் ஏற்றிக்கொண்டு காத்தான்குடிப் பக்கம் போனேன். நாற்பதைத் தாண்டியதும் உறுமல் தொடங்கியது. நியூட்ரலுக்குப் போட்டு எஞ்சின் வேகத்தைக் குறைத்தும் உறுமல் குறையவில்லை. இடப்பக்கம் வளைக்கும்போது கூடியது, வலப்பக்கம் வளைக்கும்போது அடங்கியது. இடப்பக்கம் திரும்பினால் காரின் பாரம் வலப்பக்கச் சில்லுகளில் விழும். வலது முன்சில்லின் பெயரிங்கை மாற்றியதோடு உறுமல் போய்விட்டது. எஞ்சின் இன்றைக்கும் அவருடைய காரில் இறக்கப்படாமலே இருக்கிறது.

எங்கள் ஊரான மட்டக்களப்பின் நிலமும் சத்தங்களை மறைக்கும். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி போனாலும் வாழைச்சேனை போனாலும் ஏற்றம் என்ற ஒன்றே இல்லை; எஞ்சினுக்கு மூச்சு வாங்குகிற வேலை கிடைப்பதில்லை. செங்கலடியில் திரும்பி ஏ5 வீதியில் மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் பதுளைக்கு ஏறும்போதுதான், அதுவரை ஒளிந்திருந்த ஒரு மெல்லிய உலோகக் கிலுகிலுப்பு வெளியே வரும். மிதித்தால் வரும், காலை எடுத்தால் நிற்கும். சிலிண்டருக்குள் பிளக்கின் பொறி பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவி முடியுமுன், மிச்சமிருக்கும் பெற்றோல் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்துப் பற்றுவதால் வருகிற சத்தம் அது. விட்டால் பிஸ்டன் உடையும். அந்த இடத்தில் செய்யவேண்டியது, ஒரு கியர் குறைத்து மெல்ல ஏறுவது. ஊருக்குத் திரும்பியதும் காரணம் தேடலாம். உங்கள் எஞ்சினுக்கு ஒக்டேன் 95 தேவை என்றால் அது பெரும்பாலும் எரிபொருள் மூடிக்குப் பக்கத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். அதில் 92 ஊற்றிவந்தால் இந்தச் சத்தம் எதிர்பார்க்கவேண்டியதே. 92 போதும் என்கிற எஞ்சினிலும் வந்தால், உள்ளே படிந்த கரி, குறைந்த ரேடியேட்டர் தண்ணீர், பிழைத்துப்போன டைமிங் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடினார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அந்த வாகனங்களோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கிலுகிலுப்பை யாரும் விளக்கத் தேவையில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கானில் கைமாறி வந்த பெற்றோலை ஊற்றிய சில கார்களில் நானும் அதையே கேட்டேன்.

ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் வருகிற 'டிக் டிக்' வேறு கதை. எல்லாரும் உடனே 'டெப்பட்' என்பார்கள். பல நேரம் வால்வைத் தள்ளுகிற அந்த டெப்பட்தான்; அதை இயக்கும் கேம் தண்டு எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அந்தத் தட்டல் எஞ்சின் ஓட்டத்தைவிட நிதானமாகக் கேட்கும், வால்வு இடைவெளியைச் சரிபார்த்து வைத்தால் தீரும். ஆனால் இதே 'டிக் டிக்', எக்ஸோஸ்ட் மெனிபோல்டின் கஸ்கெட் கசிந்தாலும் வரும். எஞ்சின் சூடாகும்போது இரும்பு விரிந்து அந்தக் கசிவை அடைத்துவிடுவதால் சத்தமும் தேய்ந்துபோகும். 'சூடேறினா போயிடுது, அப்ப பிரச்சினை இல்ல' என்று ஆட்கள் விட்டுவிடுவார்கள். ஏறாவூரிலிருந்து வந்த ஒரு அல்டோவை முதல் நாள் இரவே நிறுத்தச் சொல்லி, விடிந்ததும் பார்த்தேன். மெனிபோல்டும் ஹெட்டும் சேரும் விளிம்பில், இரண்டாவது சிலிண்டருக்கு நேரே, விரல் நீளத்துக்குக் கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. ஸ்டார்ட் பண்ணிய முதல் நிமிடத்தில், மெனிபோல்ட் சூடாகுமுன், தொடாமல் கையைப் பக்கத்தில் பிடித்தபோது ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு ஊதல் உள்ளங்கையில் பட்டது. கஸ்கெட்டையும் ஒரு துருப்பிடித்த போல்ட்டையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. டெப்பட் என்று நினைத்து ஹெட் கவரைக் கழற்றியிருந்தால் காசும் போயிருக்கும், சத்தமும் இருந்திருக்கும்.

இடத்தைத் தேடிப்பிடிக்க நான் இன்னும் நம்புவது நீளமான ஸ்குரூ ட்ரைவரைத்தான். நுனியைச் சந்தேகப்படும் பாகத்தின் அசையாத உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். உலோகத்தின் அதிர்வில் மிகச் சிறு பங்குதான் காற்றுக்குத் தாவும்; கம்பி அதை நேரே எலும்புக்குக் கொண்டுவந்துவிடும். ஒல்டர்னேட்டர், வோட்டர் பம்ப், ஏசி கொம்பிரஷர் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனால், ஒன்றில் மட்டும் அரைபடுகிற கரகரப்பு காதுக்குள் ஏறும். காற்றுக் கசிவின் 'ஸ்ஸ்' சத்தத்துக்குக் கம்பி உதவாது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் பிடித்து மறுமுனையால் தேடவேண்டும். ஓடுகிற பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் சாரம், சால்வை, அவிழ்ந்த தலைமுடி எதுவும் போகக்கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் மின்சார ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

கம்பி வழியே கேட்கிற இந்த வித்தை எங்கள் ஊரில் கராஜில் தொடங்கியதல்ல. நிலாக்காலத்தில் கல்லடி வாவிக்குப் போய், தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாட்டுக் கேட்கிற பழக்கம் இருந்தது. 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859 இல் வெளியான தன் இலங்கை நூலில் அந்தச் சத்தத்தை எழுதியிருக்கிறார். படகின் மரத்தில் காதை வைத்தபோது அது மிகவும் கூடியது, படகு இடம் மாற மாற அது வேறுபட்டது, சில இடங்களில் இல்லாமலே போனது, பழைய இடத்துக்குத் திரும்பியதும் மறுபடி கேட்டது என்கிறார். பொனட்டைத் திறந்துவைத்து நாங்கள் செய்வதும் இதையேதான்: திடப்பொருளில் காதை வை, இடத்தை மாற்று, கூடும் இடத்துக்குத் திரும்பி வா.

மாரி தொடங்கினால் பெல்ட் சத்தம் தொடங்கும். ஈரக் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போதும், ஏசி போடும்போதும் வருகிற கிறீச் அது. ஸ்பிரே போத்தலால் பெல்ட்டின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள், விரலைத் தள்ளிவைத்துக்கொண்டு. சத்தம் உடனே கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி வந்தால் பெல்ட் சுற்றுகிற கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது புதுப் பெல்ட் போட்டாலும் சில வாரத்தில் அதே சத்தம் திரும்பும்.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று எக்ஸோஸ்ட்டின் வெப்பத் தகடுகளைத் தாங்கும் போல்ட்டுகளைத் தின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும் தகரம் நடுங்குகிற சத்தம் வந்தால், ஆறிய பிறகு குனிந்து அந்தத் தகட்டைக் கையால் தட்டிப்பாருங்கள். படுவான்கரையின் கிரவல் வீதிகளில் போய்வந்தபின் சில்லுக்குள் திடீரென்று உலோகம் உரசிக் கத்தினால், பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவில் சிறு கல் மாட்டியிருக்கலாம். மெல்லப் பின்னோக்கி எடுத்தாலே பல தடவை விழுந்துவிடும்.

இனிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கனமான 'டொக் டொக்' வந்து, மிதிக்கும்போது கூடினால், அங்கேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஒயில் லைட் எரிந்தாலும் அதேதான். 'வீட்டை போய்ப் பாப்பம்' என்று ஓடுகிற கடைசி இரண்டு கிலோமீற்றரில்தான் எஞ்சின்கள் செத்துப்போகின்றன. கொஞ்ச நேரம் விட்டு ஒயில் கம்பியை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் ஊற்றி, ஒயில் லைட் அணைந்து சத்தமும் முழுதாகப் போனால் மட்டும் கராஜ் வரை மெல்லப் போகலாம். சத்தம் இருந்தால் கட்டி இழுத்துத்தான் வரவேண்டும். கராஜில் நாங்கள் ஒவ்வொரு சிலிண்டரின் கொயிலையும் சில வினாடி கழற்றிப் பார்ப்போம். எந்தச் சிலிண்டரின் வெடிப்பை நிறுத்தும்போது டொக் மெலிகிறதோ, அதன் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் பெயரிங்தான் தேய்ந்திருக்கிறது. நேரத்தோடு வந்தால் கிராங்கைக் காப்பாற்றிவிடலாம்.

இந்தச் சத்தம் எங்கள் பக்கத்தில் வெள்ளத்துக்குப் பிறகும் வரும். 2011 ஜனவரி வெள்ளம் போன்ற நாட்களில் தண்ணீருக்குள் கார் நின்றுபோனால், திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தண்ணீர் அமுங்காது; சிலிண்டருக்குள் போன தண்ணீரோடு பிஸ்டன் மோதினால் கொன்ரொட் வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றவேண்டும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் அதையும் நீங்களாகச் செய்யவேண்டாம். அதற்குள் உயர் மின்னழுத்தம் இருக்கிறது. ஹைபிரிட்டில் கவனிக்கவேண்டிய இன்னொன்று, காலையில் எஞ்சின் முதல்முறை பற்றும்போது சில வினாடி வருகிற உலுக்கலும் தட்டலும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் அது ஹெட் கஸ்கெட் வழியே கூலன்ட் சிலிண்டருக்குள் கசிவதன் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். கூலன்ட் மட்டம் குறைகிறதா என்று அன்றே பாருங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் பொன் விலைக்குக் கைமாறின. சத்தத்தை மறைத்து விற்கும் பழக்கமும் வளர்ந்தது. தேய்ந்த எஞ்சினில் தடித்த ஒயிலை ஊற்றினால் தட்டல் கொஞ்ச நாளைக்கு அடங்கும். முதலிலேயே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்தால், ஆறிய எஞ்சின் மட்டுமே காட்டுகிற டைமிங் செயின் கிலுக்கல், பிஸ்டன் தட்டல், எக்ஸோஸ்ட் கசிவு எதுவும் கேட்காது. கார் பார்க்கப் போனால் பேச்சுக் கொடுக்குமுன் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நாளைக்கு வாறேன் என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த நாள் அவர்கள் எழும்புமுன் போய் நில்லுங்கள்.