பழுது பார்க்கும் வீட்டில் குடியிருத்தல்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்பது பழமொழி. இவ்விரண்டும் பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பவை என்பது அதன் கருத்து. புதுமனை கட்டுவோர் வேறோர் இடத்தில் குடியிருந்துகொண்டு வேலையை மேற்பார்வையிடலாம். பழைய வீட்டைப் புதுப்பிப்போர் நிலை அத்தகையதன்று. வேறு வீடு பிடித்து வாடகை கொடுக்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆதலின், ஒருபுறம் சுவர் இடிபட, மறுபுறம் அடுப்பு எரியும் வாழ்க்கையைப் பலர் சில மாதங்களேனும் நடத்த வேண்டியுள்ளது. அதற்குக் குடும்பத்தை ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதை இங்குக் காண்போம்.

முதற்கண் எழ வேண்டிய வினா, அவ்வீட்டில் தங்கியிருத்தல் தகுமா என்பதே. அமெரிக்க நாட்டுத் தலைவரின் உறைவிடம் வெள்ளை மாளிகை. ஹாரி ட்ரூமன் தலைவராக இருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டில், அவர் மகளுடைய பியானோவின் கால் ஒன்று மாடித் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிற்று. மாளிகையின் உட்புறம் வலுவிழந்துவிட்டதைப் பொறியாளர்கள் கண்டறிந்தனர். தலைவர் குடும்பத்தோடு அருகிலிருந்த பிளேர் மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். வெளிச்சுவர்களை மட்டும் நிறுத்திவைத்து, உட்புறத்தைப் புதிதாகக் கட்டினர். 1952ஆம் ஆண்டிலேதான் அக்குடும்பம் திரும்பி வந்தது. மாளிகைக்கு ஏற்ற இவ்வறிவுரை குடிசைக்கும் ஏற்றதே. கூரையைத் தாங்கும் சுவரோ தூலமோ மாற்றப்படுமாயின், அவ்வேலை முடியும்வரை அதன் கீழ் ஒருவரும் உறங்கலாகாது.

தங்கலாம் என்று துணிந்தபின், வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். கூடத்தில் வேலை நடக்கும்போது அறையில் இருக்கலாம். அறையில் நடக்கும்போது கூடத்திற்கு வரலாம். அடுக்களையையும் கழிவறையையும் ஒரே காலத்தில் இடித்தல் கூடாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யுமாதலின், ஓடு பிரிக்கும் வேலையை அதற்கு முன்னரே முடித்துவிடுதல் நன்று. காங்கிரீட் தளத்தைக் குறைந்தது 7 நாட்களேனும் நீர் விட்டு ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டு முட்டுகளைப் பிரித்தல் பெருந்தீங்காகும். இத்தகைய காத்திருப்பு நாட்களையும் கணக்கில் சேர்த்தே குடும்பத்தார்க்கு நாள் சொல்ல வேண்டும். குறித்த நாள் தவறுந்தோறும் மனத்தளர்ச்சி மிகும்.

வேலை தொடங்குமுன் ஒருநாள் மாலை வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பேசுதல் வேண்டும். ஒரு வீட்டில் கண்பார்வை குன்றிய பாட்டி இருப்பதாகக் கொள்வோம். அவர் கட்டிலிலிருந்து முற்றத்திற்கும், முற்றத்திலிருந்து பூசையறைக்கும் செல்வது கண்ணால் அன்று, பழக்கத்தால். கட்டிலை இடம் மாற்றியதும் அவர் மனத்திலுள்ள வழிகள் யாவும் அழிந்துவிடுகின்றன. இரவில் எழுந்தவர் மணற்குவியலில் தடுக்கி விழுந்தால், இடுப்பெலும்பு முறியும். முதுமையில் அது உயிருக்கே கேடாக முடியும். ஆதலின், முதல்நாளே பேரப்பிள்ளை ஒருவர் அவர் கையைப் பற்றி, புதிய வழியில் பன்முறை நடத்திக் காட்ட வேண்டும். அவ்வழியில் ஒரு செங்கல்லும் கிடத்தலாகாது. இரவெல்லாம் சிறுவிளக்கு ஒன்று எரிய வேண்டும். “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்றே முதியோர் சொல்வர். அவர்க்கு வேண்டுவதை நாமே எண்ணிப் பார்த்துச் செய்தல் கடமை.

அடுத்துக் கவலைக்குரியது தூசி. கல்லையும் ஓட்டையும் அறுக்கும்போது எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து நோய் விளைக்கும். நீர் தெளித்து அறுத்தால் தூசி அடங்கும். வேலை நடக்கும் இடத்திற்கும் வாழும் இடத்திற்கும் இடையே கனத்த திரை தொங்கவிட்டு, அதன் அடியில் ஈரச் சாக்கை இடுதல் நலம். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது என்னும் விதி, நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலின், பழைய வண்ணத்தைச் சுரண்டும் நாட்களில் குழந்தைகளையும் கருவுற்ற மகளிரையும் உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிடுதல் அறிவுடைமை.

சுவர் நனைக்கத் தேக்கிய நீரில் ஒரு வாரம், பத்து நாட்களுக்குள் கொசு முட்டை வளர்ந்து கொசுவாகிவிடும். அதனால் டெங்குக் காய்ச்சல் வரலாம். நீர்த்தொட்டியை மூடிவைத்து, வாரத்திற்கு ஒருமுறை கவிழ்த்துக் கழுவ வேண்டும். மூடாத தொட்டி தவழும் குழந்தைக்கு எமனாகும். ஈரமான சிமெண்டும் நீற்றும் சுண்ணாம்பும் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். மின்கம்பிகளை மாற்றும்போது மின்னிணைப்பைத் துண்டித்தல் தவறாத விதியாதல் வேண்டும்.

வேலை செய்ய வருவோரும் சில மாதங்களுக்கு நம் வீட்டாரே. கொத்தனார்க்கும் சித்தாள்களுக்கும் குடிநீரும், உண்ண நிழலும், ஒதுங்க இடமும் தருதல் இல்லத்தார் பண்பு. அண்டை வீட்டாரிடம் ஓசையையும் தூசியையும் பற்றி முன்னரே சொல்லிப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுதலும் முறை.

மாணவர்களே! உங்கள் பாடநூல்களை ஒரு பெட்டியில் அடுக்கிக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கொத்தனார் வருமுன் விடியற்காலையில் படியுங்கள். அன்னையார் ஒரே மூலையில் சமைக்கும் நாட்களில் இத்தனை வகை வேண்டும் என்று கேளாதீர்கள். சுவர்களைப் புதுப்பிக்கக் கொத்தனார் உளர். அக்காலத்தில் குடும்பத்தின் அமைதியைக் காப்பவர் அதில் வாழ்வோரே. வேலை முடிந்த அன்று, பாட்டி தம் பழைய வழியில் தடுமாறாமல் நடந்து சென்று விளக்கேற்றுவாராயின், அவ்வீடு நன்கு புதுப்பிக்கப்பட்டது எனலாம்.

பயிற்சி

1. வெள்ளை மாளிகையின் நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது?
2. முதியோரை இடமாற்றத்திற்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம்?
3. தூசியால் வரும் கேடுகளையும் அவற்றைத் தடுக்கும் முறைகளையும் எழுதுக.
4. சொந்த வாக்கியத்தில் அமைக்க: ஆயத்தம், மேற்பார்வை, மனத்தளர்ச்சி.