தளம் வடிவமைக்கப் போகும் எருத்தேன்பதித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கணினிப் படிப்பை முடித்துவிட்டு, பல்கலைக்கழகங்களுக்கு இணையதளம் செய்துகொடுக்கும் குழு ஒன்றில் சேரப்போவதாக எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

கேரளத்தில் தமிழக எல்லையோரம் இருக்கும் எருத்தேன்பதியிலிருந்து கோழிக்கோடு பல்கலைக்கழகம் இருக்கும் தேஞ்ஞிப்பாலத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கோவையின் பாரதியார் பல்கலைக்கழகம் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் வேறு மாநிலம். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்பா தென்னந்தோப்பில் வேலை செய்பவராக இருக்கலாம், வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆளே இந்தப் பிள்ளையாக இருக்கலாம். பல்கலைக்கழகம் எப்படிப்பட்டது என்று அது முதன்முதலில் தெரிந்துகொள்வது ஒரு கைப்பேசித் திரையில். சேர்க்கை முழுக்க இணையவழி ஆகிவிட்ட பிறகு, அந்தத் திரையில் தடுமாறினால் ஒரு வருடமே போய்விடும்.

ஆனால் நம் பல்கலைக்கழகத் தளங்கள் பலவற்றின் முகப்பைப் பாருங்கள். துணைவேந்தரின் வாழ்த்துச் செய்தி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் விழாப் படங்கள், தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்காக ஏற்றிய கோப்புகள். மாணவர் தேடுவதோ கடைசித் தேதி, கட்டணம், அலாட்மென்ட், ஹால் டிக்கெட், ரிசல்ட். அவை எந்தப் பிரிவின் கீழ் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க, பல்கலைக்கழக நிர்வாகத்தில் யார் யாருக்குக் கீழே என்று தெரிந்திருக்க வேண்டும். அலுவலக வரிசையை அப்படியே மெனுவாக மாற்றுவதால் வரும் வினை இது. முதல் கூட்டத்திலேயே இதை எதிர்த்துப் பேசுங்கள்.

பெயர் எழுதும் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அது பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டாவதற்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரமும் போட்டிருக்கும். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஒருவர் அங்கே புள்ளி வைப்பார், ஒருவர் தன் பெயரையே திரும்ப அடிப்பார், இன்னொருவர் அப்பா பெயரை எழுதுவார். மூன்று வருடம் கழித்துப் பட்டச் சான்றிதழில் அது அச்சாகி வரும்போதுதான் பெயர்த் திருத்தம், கட்டணம், உறுதிமொழிப் பத்திரம் என்ற அலைச்சல் ஆரம்பமாகும். ‘எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் இத்தனையும் தீரும். வலைத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பான டபிள்யூ3சியே, தேவையில்லாமல் பெயரைத் துண்டு போடாதீர்கள் என்று வழிகாட்டுகிறது. அதைக் காட்டி வாதாடுங்கள்.

அடுத்து மொழி. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பாலக்காடு மாவட்டச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் வந்து சேரும் தளத்தில் சேர்க்கைக் குறிப்புகளையாவது தமிழில் கொடுப்பது பெரிய செலவு இல்லை. முழுத் தளத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. கட்டணம், சான்றிதழ்ப் பட்டியல், இட ஒதுக்கீட்டு விதி, தேதிகள், இவை போதும்.

தமிழில் ஒரு பல்கலைக்கழகத்தையே இணையத்தில் கட்டிய அனுபவம் நமக்கு உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதை உருவாக்கியதில் கல்வியாளர் வா.செ. குழந்தைசாமிக்குப் பெரும் பங்கு. அப்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கிக் கணினியில் நிறுவினால்தான் தமிழ் தெரியும், இல்லையென்றால் புரியாத குறிகள்தான். 2010-இல் தமிழ்நாடு அரசு, எல்லாத் தளத்துக்கும் பொதுவான ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் அந்தத் தளத்தில், நூல்களுக்குள் சொல்லைத் தேடி எடுக்க முடிகிறது. எழுத்து எழுத்தாகவே சேமிக்கப்பட்டதன் பலன் அது.

ஆனால் இன்னும் பல அலுவலகங்களில் அறிவிப்பைப் பழைய எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆக ஏற்றுகிறார்கள். கோணலாக இருக்கும் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் விரல்களால் விரித்து விரித்துப் படிக்க வேண்டும். தேடுபொறியிலும் அது எளிதில் சிக்காது. பார்வையற்ற மாணவருக்கு அது வெற்றுப் படம். என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் தமிழையும் வாசித்துக் காட்டும், ஆனால் வாசிக்க எழுத்து வேண்டுமே. அரசுத் தளங்கள் எல்லோரும் அணுகும்படி இருக்கச் சொல்லும் வழிகாட்டு நெறிகள் 2009-இல் வந்தன, மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. அதையே வலியுறுத்தும் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. கையெழுத்திட்ட நகல் வேண்டுமென்றால் அதையும் வையுங்கள், கூடவே அதே செய்தியைப் பக்கத்தில் எழுத்தாக இடுங்கள்.

ரிசல்ட் நாளில் சர்வர் படுத்துவிடுவது இயற்கைச் சீற்றம் போலப் பேசப்படுகிறது. எந்த நாளில் கூட்டம் வரும் என்பது பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே தெரியும். படமும் பதாகையும் இல்லாமல், பதிவெண் கேட்டு மதிப்பெண் காட்டும் இலேசான தனிப் பக்கம் ஒன்றை வைத்து, முன்பே சுமை கொடுத்துச் சோதித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

தம்பி, முதல் பக்கத்தை வரைவதற்கு முன்னால், சேர்க்கைக் காலத்தில் கேரள அரசின் இணையச் சேவை மையமான பக்கத்து அட்சயா மையத்தில் அனுமதி கேட்டு ஒரு நாள் உட்காருங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் கவுண்டரில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தாரின் கூட்டத்துக்குப் போங்கள். நடந்ததை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.