மாரியில் ஓய்ந்து கிடந்த நீர்ப் பம்பியைத் திருத்திக்கொள்ளும் முறை



ஐப்பசியில் மழை தொடங்கியதும் தோட்டக்காரர் பலர் நீரிறைக்கும் பம்பியைக் கொட்டிலின் மூலையிற் போட்டுவிட்டு, தை மாதத்திலேதான் அதனை மறுபடி நினைக்கின்றனர். அப்பொழுது நட்ட வெங்காயம் பாத்தியில் நீருக்குக் காத்து நிற்கும். கயிற்றை இழுத்ததும் இயந்திரம் முழங்குகின்றது. குழாய் வாயிலோ ஒரு துளி நீரும் வருவதில்லை. உடனே இயந்திரத்தின் வலு குறைந்துவிட்டதென்று முடிவு செய்து, அதனைத் திருத்துமிடத்துக்கு ஏற்றிச் செல்வதே பெரும்பாலார் வழக்கம். இயந்திரம் சீராகச் சுழலுமாயின், நீர் ஏறாமைக்குக் காரணத்தை அதனுள்ளே தேடுதல் வீண். குறை பம்பியின் நீர்ப் பகுதியிலோ உறிஞ்சு குழாயிலோதான் இருக்கும். அதனை உங்கள் வளவிலேயே நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

பம்பி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறிந்துகொண்டால் குறையைக் கண்டுபிடித்தல் எளிது. துலாவிற் கட்டிய பட்டை நீரை அள்ளி வருவது போலப் பம்பி நீரை அள்ளுவதில்லை. பம்பியின் வயிற்றில் நிரம்பியுள்ள நீரை உள்ளிருக்கும் விசிறி, அதாவது இம்பெலர், சுழற்றி வெளியே தள்ளுகின்றது. அதனால் உள்ளே அமுக்கம் குறைய, வெளிக் காற்றின் அமுக்கமே கிணற்று நீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகின்றது. ஆகவே உறிஞ்சு குழாயில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் போதும். நீரை விடக் காற்று எளிதில் நுழைந்துவிடும். அத்துளையினால் நீர் வெளியே ஒழுகாது, காற்றே உட்செல்லும். அதனாலேதான் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவர் தமது இயந்திரத்தை இரண்டு முறை பிரித்துப் பூட்டுவித்த பின் என்னை அழைத்தார். மழைக்காலத்தில் எலி கடித்த ஒரு துளை உறிஞ்சு குழாயின் அடிப்புறத்தில் இருந்தது. அதற்குள் இரண்டு இறைப்புத் தவறிவிட்டது. வெங்காயம் குமிழ் பருக்கும் பருவத்தில் அந்த இழப்பை எந்த உரமும் ஈடு செய்யாது.

ஆதலால் முதலிற் குழாயைச் சோதியுங்கள். அதனைப் பம்பியிலிருந்து கழற்றி, புட்வால்வு கீழே இருக்குமாறு ஒரு மரக்கிளையில் தூக்கிக் கட்டி, மேல்வாய் வரை நீர் நிரப்புங்கள். பத்து நிமிடத்தின் பின் நீர் இறங்கியிருந்தால், எங்கே கசிகின்றது என்பது ஈரத்திலேயே தெரியும். புட்வால்வில் கசிந்தால் அதன் தோல் அல்லது றப்பர் தட்டினிடையே மணலோ சருகோ சிக்கியிருக்கும். கழுவியும் நில்லாவிடில் தட்டை மாற்றுங்கள். வெடித்த நுனியை வெட்டிவிட்டு, மீண்டும் கிளிப் இட்டு இறுக்குங்கள். நடுவில் துளைபட்ட குழாய்க்குச் சைக்கிள் றப்பர் சுற்றுதல் ஓரிரு நாளைக்கே உதவும்.

அடுத்து, பம்பியின் நீர் நிரப்பும் வாயைத் திறந்து வயிறு முட்ட நீர் விடுங்கள். உறிஞ்சும் வாயினால் நீர் திரும்பி வழிந்தால், அங்குள்ள றப்பர் மடிப்பு வால்வு உலர்ந்து விறைத்துவிட்டது என்பது பொருள். இதுவும் சிறு செலவே.

இனி, மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். இயந்திரத்தையும் பம்பியையும் இணைக்கும் தண்டின் வழியே நீர் கசியாதவாறு தடுப்பதற்கு ஒரு வளையம் உண்டு. கடைகளில் ‘வோட்டர் சீல்’ என்று கேட்டால் தருவார்கள். அதில் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று உராய்ந்து சுழல்கின்றன: ஒன்று கரி வளையம், மற்றது பீங்கான் வளையம். அவற்றைக் குளிரச் செய்வது பம்பியிலுள்ள நீரே. நீரின்றிச் சில நிமிடம் ஓட்டினாலும் அவை கருகி வெடித்துவிடும். “சற்றே ஓடட்டும், நீர் ஏறும்” என்று காத்திருப்பவர் தமது கையாலேயே சீலை அழிக்கின்றார். பம்பிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலிருந்து நீர் சொட்டுதல் சீல் கெட்டதன் அடையாளம். அதனைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், நீர் தண்டின் வழியே சென்று இயந்திரத்தின் உள்ளேயும் புகலாம். எண்ணெய் அளக்கும் கோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல இருப்பின் நீர் புகுந்துவிட்டது. அவ்வெண்ணெயை முழுதும் வடித்துப் புதிது விடாமல் ஒருபோதும் இயக்கலாகாது.

சீலை மாற்றுமுன் பிளக்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிடில் கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் திடீரெனச் சுழலக்கூடும். நீரை வடித்து, மூடியின் நட்டுகளைக் கழற்றினால் விசிறி தெரியும். இரண்டு அங்குலப் பம்பிகள் பெரும்பாலானவற்றில் அது தண்டின் மேல் மரையினால் ஏற்றப்பட்டிருக்கும். ஒருவர் இயந்திரத்தின் மறுபுறத்துப் பாரச் சக்கரத்தை அசையாது பிடிக்க, மற்றவர் விசிறியை நேரே பார்த்து இடப்புறமாகத் திருப்புதல் வேண்டும். துருவினால் இறுகியிருப்பின் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் அடித்தால் விசிறியின் இதழ் உடையும். விசிறியின் பின்னே மெல்லிய தகட்டு வோஷர்கள் இருப்பின் அவற்றை எண்ணி வைத்து, அத்தனையையும் திரும்பப் போடுங்கள். அவை குறைந்தால் விசிறிக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி மாறி நீரின் வேகம் குறையும்.

புதிய சீலின் உராயும் முகங்களைக் கையால் தொடாதீர்கள். சுத்தமான துணியாற் பிடியுங்கள். அதன் றப்பர்ப் பகுதிக்குச் சிறிது சவர்க்கார நீர் தடவிப் பெருவிரலால் அழுத்தினால் நேராக உட்காரும். இரண்டு முகங்களையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். புதிய கரியைப் பழைய பீங்கானோடு சேர்ப்பது காசை வீணாக்குவதாகும். மூடியின் றப்பர் வளையம் தட்டையாகிவிட்டிருந்தால் அதனையும் மாற்றுங்கள். நெல்வயலுக்கு வாய்க்காலிலிருந்து இறைப்போருக்கு இதழ்கள் சேற்றினால் விரைவில் தேயும். குழாயின் நுனியை நிலத்தில் விடாமல், இடைவெளி விட்டு முடைந்த ஒரு கூடையினுள் வைத்து இறக்குதல் நன்று.

ஆடி ஆவணியில் கிணற்று நீர் தாழும்போது மற்றொரு தவறு நடக்கின்றது. காற்றின் அமுக்கம் நீரைத் தள்ளக்கூடிய உயரம் கணக்கின்படி ஏறத்தாழ 34 அடி. நடைமுறையில் 25 அடிக்கு மேல் நம்பலாகாது, 20 அடிக்குள் இருப்பின் நன்று. இதனையறிந்த சிலர் பம்பியைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றுள்ளே இறக்கி வைத்து இயக்குகின்றனர். இயந்திரப் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணற்றினுள் அது தேங்கி நிற்க, இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இவ்வாறு உயிரிழந்தோர் உளர். பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் எந்த இயந்திரத்தையும் கிணற்றுள் இறக்காதீர்கள். ஆழக் கிணற்றுக்கு நீரில் அமிழ்ந்து வேலை செய்யும் மின்பம்பியே ஏற்றது.

யாவும் பூட்டியபின், கிடந்த பழைய பெற்றோலை வடித்துப் புதிது விட்டு, பம்பியின் வயிற்றை நீரால் நிரப்பிய பின்னரே கயிற்றை இழுங்கள். வடிக்கும் எரிபொருளையும் பழைய எண்ணெயையும் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் அதனை நேரே நிலத்தடி நீருக்குக் கொண்டுபோய்விடும். நீர் சீராக வந்ததும் 200 லீற்றர் பீப்பா ஒன்று நிரம்ப எத்தனை விநாடி செல்கின்றதென்று பாருங்கள். 40 விநாடியாயின் நிமிடத்துக்கு 300 லீற்றர். கிணற்று நீரின் ஆழத்தையும் அவ்விநாடியையும் கொட்டிற் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே ஆழத்தில் அது 60 விநாடியானால், நீர் நிற்கும் வரை காத்திராமல் அன்றே குழாயைக் கழற்றிப் பாருங்கள்.

மறுபடி ஐப்பசி வரும்போது, பம்பியின் அடிச் செருகியைத் திறந்து நீரை முற்றாக வடித்து, எரிபொருளையும் வடித்து, உறிஞ்சு குழாயை எலி எட்டாதவாறு வளையிற் தொங்கவிடுங்கள்.