மும்பையில் ஒரு நாள்

பெரிய நகரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? உயர்ந்த கட்டடமா? கடலா? கூட்டமா? திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மும்பைக்குப் போய் வந்த பெண் ஒருவர் பேசுகிறார். வாருங்கள், அவருடன் நாமும் ஊர் சுற்றுவோம்.

காலை: ரயில் நிலையம்

என் சித்தி மும்பையில் தாராவியில் இருக்கிறார். சித்தப்பா பிழைப்புத் தேடி அங்கே போனவர். இப்போது அவர் இல்லை. சித்தியும் மகனும் இருக்கிறார்கள்.

நானும் என் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் அங்கே போயிருந்தோம். நாங்கள் மூவரும் ஒரே கற்போர் மையத்தில் எழுதப் படிக்கக் கற்றவர்கள்.

"அக்கா, நாளைக்கு லீவு போட்டுவிட்டேன். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்றான் தம்பி.

காலையில் சயான் நிலையத்துக்குப் போனோம். பலகைகளில் மராத்தி, இந்தி, ஆங்கிலம். எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் வண்டி வரும் நேரம் எண்ணில் இருந்தது. அதைப் படித்தேன். சரியாக அந்த நேரத்துக்கு வண்டி வந்தது. பெண்களுக்குத் தனிப் பெட்டி. நாங்கள் ஏறிக்கொண்டோம்.

கடைசி நிலையத்தில் இறங்கினோம். அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையம். முன்பு விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர். அரண்மனை போல இருந்தது. கல்லில் பூ, இலை, விலங்கு எல்லாம் செதுக்கியிருந்தார்கள்.

தம்பி சொன்னான்: "1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது. இந்தக் கட்டடத்தை 1878-இல் கட்டத் தொடங்கினார்கள். முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்."

பக்கத்து வீட்டு அக்கா சித்தாள் வேலை பார்ப்பவர். கட்டடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"பத்து வருசம் கல் சுமந்தவங்க பேரு எங்கே எழுதியிருக்கு, தம்பி?" என்று கேட்டார்.

தம்பி பதில் சொல்லவில்லை.

கடல் வாசல்

பேருந்தில் ஏறி 'கேட்வே ஆஃப் இந்தியா' போனோம். 'இந்தியாவின் நுழைவாயில்' என்று பொருள். கடலை ஒட்டி நிற்கும் பெரிய கல் வளைவு அது. உயரம் 26 மீட்டர்.

1911-இல் ஆங்கிலேய அரசர் ஐந்தாம் ஜார்ஜ் மும்பைக்கு வந்தார். அதன் நினைவாகத்தான் இதைக் கட்டினார்கள். அரசர் வந்தபோது வாசல் இல்லை. அட்டையில் செய்த மாதிரி மட்டுமே இருந்தது. கட்டடம் முடிந்தது 1924-இல்.

அதன் பிறகு 23 ஆண்டுகள்தான். நாடு விடுதலை பெற்றது. 1948 பிப்ரவரி 28-ஆம் நாள் ஆங்கிலேயப் படையின் கடைசிப் பிரிவு இதே வாசல் வழியாகக் கப்பலுக்குப் போனது.

"வரவேற்கக் கட்டின வாசல். வழியனுப்பவும் உதவியிருக்கு" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தோம்.

சாப்பாட்டுக் கூடை

பதினொன்றரை மணிக்குச் சர்ச்கேட் நிலையம் வந்தோம். வெள்ளைக் குல்லாய் போட்ட ஆண்கள் நீளமான பலகைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். பலகை நிறையச் சாப்பாட்டுத் தூக்குகள். இவர்களை 'டப்பாவாலா' என்கிறார்கள். வீட்டில் சமைத்த சோற்றை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இவர்கள் வேலை. 1890-இல் தொடங்கிய தொழில் இது.

ஒவ்வொரு தூக்கின் மூடியிலும் வண்ணத்தில் எழுத்தும் எண்ணும் இருந்தன. எந்த நிலையத்தில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று அதிலிருந்தே தெரிந்துகொள்கிறார்கள். பலர் அதிகம் படிக்காதவர்கள். ஆனாலும் தூக்கு மாறுவது மிக அரிது.

பிறகு மெரின் டிரைவ் போனோம். கடலோரமாக வளைந்து போகும் சாலை அது. கொஞ்ச நேரம் சுவரில் உட்கார்ந்து காற்று வாங்கினோம். பிறகு ரயில் ஏறி மாகிமில் இறங்கினோம்.

மாலை: தாராவி

மாகிம் நிலையத்தின் ஒரு பக்கம் தாராவி. பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் பல லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். வீட்டுக்கு வீடு கைநீட்டும் தூரம்தான். சில சந்துகளில் பகலிலும் வெளிச்சம் இல்லை. பல வீடுகளுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. பொதுக் கழிப்பறையில் வரிசையில் நிற்க வேண்டும்.

ஆனால் சும்மா இருப்பவர்களைப் பார்ப்பது அரிது. ஓரிடத்தில் பழைய பிளாஸ்டிக்கை இனம் பிரித்து, நொறுக்கி, கழுவிக் காய வைக்கிறார்கள். கும்பார்வாடாவில் குயவர்கள் பானையும் அகல் விளக்கும் செய்கிறார்கள். அவர்கள் முன்னோர் குஜராத்திலிருந்து வந்தவர்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோல் பதனிடும் வேலைக்காக இங்கே வந்தார்கள். இன்றும் தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் எழுந்து இட்லி அவிக்கின்றன. சைக்கிளில் வைத்து நகரமெங்கும் விற்கிறார்கள்.

ஒரு சந்தில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் செல்பேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம், அக்கா. ஸ்டேஷன் வேடிக்கை பார்க்கிற இடம். இது அவங்க வீட்டு வாசல்" என்றான் தம்பி.

எனக்கு வெட்கமாக இருந்தது. செல்பேசியைப் பையில் வைத்தேன்.

தகரப் பெட்டி

இரவு சித்தி ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீதுகள்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடக்கிறது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். தரைத்தள வீட்டில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டினால் தாராவியிலேயே இலவச வீடு. அதற்குப் பிறகு வந்தவர் என்றால் தாராவிக்கு வெளியேதான். அதற்கும் பணம் கட்ட வேண்டும்.

"தெரிஞ்சவர் ஒருத்தர் நேத்து பாரத்தை எழுதிக் கொடுத்தார். நாளைக்குக் கைநாட்டு வச்சுக் கொடுக்கணும்" என்றார் சித்தி.

நான் வாங்கிப் பார்த்தேன். மராத்தி எழுத்து. ஒன்றும் புரியவில்லை. ஆனால் எண்கள் எனக்குத் தெரிந்த எண்கள். சித்தப்பா பெயரில் இருந்த ரசீதைப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன்.

"தம்பி, ரசீதில் 1998 என்று இருக்கிறது. பாரத்தில் 2008 என்று இருக்கிறதே?"

தம்பி பதறிப்போய் வாங்கிப் படித்தான். எந்த ஆண்டிலிருந்து குடியிருப்பு என்ற இடத்தில் தவறாக எழுதியிருந்தது. கைநாட்டு விழுந்திருந்தால் சித்தியே அதை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

அன்றிரவே தம்பி வேறு பாரம் எழுதினான். எழுதியதை இரண்டு முறை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னான். சித்தி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். எல்லாத் தாளுக்கும் நகல் எடுத்து வைக்க முடிவு செய்தோம்.

சித்திக்கு அங்கேயே வீடு கிடைக்குமா? இன்னும் தெரியாது. ஆனால் கொடுத்த தாளில் இருப்பது சரியான ஆண்டு.

ஊருக்குக் கிளம்பும்போது சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பேரை ஒரு தாளில் பெரிசா எழுதி வச்சுட்டுப் போ. பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுறேன்" என்றார்.

சொல் அறிவோம்

சான்று – ஒன்றை உண்மை என்று காட்டும் தாள்
நகல் – மூலத்தைப் பார்த்து எடுத்த படி
பாரம் – விவரங்களை நிரப்பிக் கொடுக்கும் தாள், படிவம்

பேசிப் பார்ப்போம்

1. பக்கத்து வீட்டு அக்காவின் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
2. அந்தப் பெண் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்?
3. நமக்குத் தெரியாத மொழியில் ஒரு தாள் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டு ரேஷன் அட்டை, மின் அட்டை, ஆதார் அட்டை மூன்றையும் எடுங்கள். பெயர், கதவு எண், பிறந்த ஆண்டு ஆகியவற்றைப் பாருங்கள். எங்கே எது இருந்தாலும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா? வேறுபாடு இருந்தால் குறிப்பேட்டில் எழுதி, மையத்தில் காட்டுங்கள்.